வெள்ளிக்கிழமையின் நாலு கட்டங்கள்

"ஹலோ… ஹலோ… ஓம் மிஸ், வஅலைக்குமுஸ்ஸலாம்… ஓம், ஓம், ரிப்கான்தான்… இல்ல, இல்ல, கேக்குது. லொறி ஒன்டு போவுது, அதுதான்… இப்ப சரியா?… ஆ, சொல்லுங்க.

"…ஓம், வாட்ஸப்புல வந்திரிக்கி. பாத்தேன்… நான் கையெழுத்து வெக்கிற தாள், ஒரு பக்கம்தான், ஓம்… இல்ல மிஸ், இன்னும் பிரின்ட் எடுக்கல்ல… எங்க போய் எடுக்கிற? கொமினிகேஷன் பூட்டு… மத்தக் கடையும் பூட்டு… அதுவும் பூட்டு. சந்தியில முக்காவாசி பூட்டு மிஸ், தொறந்திரிக்கிற ஒன்டு ரெண்டுல டீயும் வெத்திலையும்தான் இரிக்கி… இன்டெக்கி வெள்ளிக்கெழம தானே. எல்லாரும் பள்ளியில, ஜும்ஆத் தொழுகைக்கு."

ரிப்கான் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். மதுரங்குளிச் சந்தியில், பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கில், மடியில் எண்ணிக்கை அட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூன்று வயது. கனமூலையில் வீடு, மனைவி கமீலா, மூன்று பிள்ளைகள். கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் வீதிப் போக்குவரத்து ஆராய்ச்சிக்கு இந்தச் சந்தியில் களப் பணியாளர் என்றால் அவர்தான், அவர் மட்டும்தான். கூட ஓர் ஆள் தருவதாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி. மறுமுனையில் பேசுகிறவள் ஸும்றா, ஆராய்ச்சியின் பொறுப்பாளர். கற்பிட்டிப் பிள்ளை, அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் அவரை அண்ணன் முறையில் நானா என்பாள், அவர் அவளை மிஸ் என்பார்.

ஆராய்ச்சி செய்யப்படுகிற சாமான் அவருக்கு முன்னாலேயே நட்டு நின்றது. ஒரு கலர் லைட். சும்மா கலர் லைட் இல்லை. கம்பத்தின் உச்சியில் கமெரா வைத்து, வாகனத்தைத் தானே எண்ணி, எந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு வரும் என்று பாடமாக்கி, யாருக்கு எத்தனை செக்கன் பச்சை என்று தானே பிரித்துக் கொடுக்கும். ஊர் அதற்குப் படிச்ச லைட் என்று பேர் வைத்துவிட்டது. படிப்பு எவ்வளவு இருந்தும் ஆட்களை எண்ண அதற்கு வராது. குடையும் ஹபாயாவுமாகப் பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் மூன்று பேர் என்று சொல்லும். ஆகவே நடக்கிறவர்களை மனிதன்தான் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு கிழமை, கால் மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம், எண்ணியவர் ரிப்கான். அந்தக் கணக்கைப் படித்துக்கொண்டு லைட் சொந்தப் புத்தியில் ஓடத் தொடங்கி நாலாவது கிழமை நடக்கிறது. இந்த நேரத்தில் சனம் வீதியைக் கடக்க அது கொடுப்பது பன்னிரண்டு செக்கன்.

"…நானா? நான் போவல்ல மிஸ், இன்டெக்கி… இல்ல, சுகமில்லாம இல்ல… சும்மாதான்… சரி, சும்மா இல்ல. சந்தியில ஒரு வேல இரிக்கி. பொறகு சொல்றேன்.

"…நஸீர் நானாவா? நேத்து பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன்… லொறி அடிச்ச கால்ல பிளேட் வெச்சிரிக்கி. இடுப்பையும் படம் புடிச்சாங்களாம், இன்னும் ஒன்டும் சொல்லல்ல… கதைக்கிறாரு, ஓம், நல்லாக் கதைக்கிறாரு. ஹாட்வெயார் கடையில இருந்த மாதிரியேதான், வாய் மூடல்ல… என்னைய கண்டதும் என்ன சொன்னாரு தெரியுமா? 'ரிப்கான், நான் பச்சையிலதான்டா எறங்கினேன், நடுவுக்கு வரக்குள்ள செவப்பாப் போச்சு' என்டு… ஓம்… ஓம், பொலிஸ் எழுதினது செவப்பு என்டுதான். கமெராவுலயும் அப்பிடித்தான் இரிக்கும். போன வெள்ளி அடிபட்டது செவப்பில. எறங்கினது பச்சையில மிஸ்.

"…அந்த லொறிக்காரப் பொடியன்லயும் பிழ இல்ல. பள்ளிவாசல்துறையிலேருந்து மீன் ஏத்திக்கிட்டு வந்தவன். ஐஸ் கரையுது, அவனுக்குப் பச்ச விழுந்திட்டு, வந்துட்டான்… அப்ப யார்ட பிழ?… ஆ… மக்கள்ட பிழையா?… அறிக்கையில அப்பிடியா எழுதியிரிக்கி?… வாசிங்க, வாசிங்க. கேக்குறேன்."

ஸும்றா வாசித்தாள். ரிப்கான் சந்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடவைக் கோட்டுக்கு வெள்ளை அடித்துப் பல வருடமாகியும் ஊர் அதை மஞ்சக் கோடு என்றுதான் சொல்கிறது. அந்தக் கோட்டில் ஒரு நாய் குறுக்கே படுத்துக் கிடந்தது. லைட்டில் நடக்கிறவர்களுக்கான பச்சை மனிதன் எரிந்தான், பன்னிரண்டு எண்ணினான், அணைந்தான். ஆளே இல்லாத வீதிக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌலவி அண்டை வீட்டார் உரிமை பற்றி குத்பா ஓதிக்கொண்டிருந்தார். ஊரில் பாதி அந்தப் பள்ளிச் சுவருக்குள் இருந்தது. சுவருக்கு வெளியே, வீதியில், இருந்தது ரிப்கானும் நாயும்தான்.

"…தாராளம் என்டா எழுதியிரிக்கி?… பன்னெண்டு செக்கன் தாராளம்… ஹ்ம்… இல்ல, சிரிக்கல்ல மிஸ். இருமல்… பாதசாரிகள் சிவப்பில் கடந்ததே காரணம்… ஓம், வெளங்குது… இதையா கூட்டத்துல குடுக்கப் போறீங்க?… ரெண்டரைக்கு… ஓம்… இதே கணக்கையா பாலாவிச் சந்திக்கும் வெக்கிற?… இன்னொரு எடத்துக்குமா. அங்கயும் வெள்ளிக்கெழம வரும் மிஸ்… ஒன்டுமில்ல, சும்மா சொன்னேன். மத்தத வாசிங்க, நான் கையெழுத்து வெக்கிறத.

"…'எல்லாக் கால் மணித்தியாலங்களிலும் நான் நேரில் நின்று எண்ணினேன்'… ஓம், கண்டேன், அந்த வரிதான்… இல்ல, பிரின்ட் பெரிய வேல இல்ல மிஸ். ஒன்டரைக்குக் கட தொறந்துருவாங்க, ரெண்டு மணிக்கு முன்னுக்கு ஒங்களுக்கு அனுப்பலாம்… அது இல்ல பிரச்சின… கையெழுத்துதான் பிரச்சின… வெக்க ஏலா மிஸ். எனக்கு ஏலா."

ரிப்கான் மடியிலிருந்த அட்டையைக் குப்புறத் திருப்பி வைத்துக்கொண்டார். ஒரு கிழமையாகச் சோறு சரியாக இறங்கவில்லை. கமீலா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிச் சமாளித்திருந்தார். மௌலவி முதல் குத்பாவை முடித்துக்கொண்டு உட்கார்ந்தார் போலும், ஒலிபெருக்கி ஒரு நிமிடம் வெறும் காற்றாக இரைந்தது. இனி இரண்டாவது குத்பா, துஆ, தொழுகை. கால் மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் அவர் வாழ்க்கையில் சொல்லப் போவதில்லை. அது அவருக்கே தெரியும்.

"மிஸ், நான் ஒன்டு சொல்றேன். கோவிக்காமக் கேளுங்க… இல்ல, கோவிங்க, பரவால்ல, ஆனா போன வெக்காமக் கேளுங்க… வெள்ளிக்கெழமத் தாள்ல நாலு கட்டம் இரிக்கிதானே. பன்னெண்டேகாலுக்கு ஒன்டு, பன்னெண்டரைக்கு ஒன்டு, முக்காலுக்கு ஒன்டு, ஒரு மணிக்கு ஒன்டு… ஓம், அந்த நாலும்… அந்த நாலையும் நான் எண்ணல்ல.

"…ஒரு வெள்ளி இல்ல மிஸ். பன்னெண்டு வெள்ளியும்… பள்ளிக்குப் போயிட்டேன். வேற எங்க போற? பாங்கு சொன்னதும் அட்டைய வாங்குக்கு அடியில வெச்சிட்டுப் போறது. ஜும்ஆ முடிஞ்சு, நாலு பேரோட கதைச்சு, சாப்பாட்டுப் பார்சல் ஒன்டையும் எடுத்துக்கிட்டு ஒன்டரைக்கு வாறது… பொறகு வியாழக்கெழமத் தாளப் பாத்து எழுதுறது… அப்பிடியே இல்ல. அப்பிடியே எழுதினாத் தெரிஞ்சிரும் தானே. முப்பத்தெட்டு என்டா நாப்பத்தொன்டு, நாப்பத்தொன்டு என்டா முப்பத்தாறு. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறச்சு…

"…கேட்டேனே மிஸ். மொத நாள்லயே கேட்டேன். வெள்ளிக்கெழம ஒரு மணித்தியாலம் எனக்கு ஏலா, ஆரையும் போடுங்க, ஒரு பொம்புளப் புள்ளையப் போட்டாலும் போதும் என்டு… நீங்கதானே சொன்னீங்க, கட்டம் ஒன்டு வெறுமையாக் கெடந்தா மிஷின் அந்த முழு நாளையும் கழிச்சுப் போட்டுரும் என்டு… ஓம்… ஓம், பொய் எழுதச் சொல்லல்ல. அது நான்… சரி. சரி மிஸ், அது நான்தான். அதத்தானே சொல்லிக்கிட்டிரிக்கேன்."

மற்ற நாட்களில் ளுஹர்த் தொழுகையைத் தரிப்பிடத்துக்குப் பின்னால் பாயைப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு பேர் கடந்து போனால் கடைக்கார டீ மாஸ்டர் சொல்லிவிடுவார். ஜும்ஆவைத் தனியாகத் தொழ முடியாது. ஜமாஅத்தோடு பள்ளியில்தான். ஊரில் ஆம்பிளையாய்ப் பிறந்த ஒருவன் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வீதியோரம் அட்டையோடு உட்கார்ந்திருந்தால், பார்க்கிற கிழவர்கள் பத்துத் தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். ரிப்கானுக்கு அந்த வெட்கமும் இருந்தது, அல்லாஹ்வின் பயமும் இருந்தது. கட்டத்தில் எழுதுகிற இலக்கம் ஒரு ஆளின் காலை உடைக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. காகிதம்தானே என்று நினைத்தார்.

"…மிஷின் நம்பிட்டு மிஸ். நான் எழுதினதப் படிச்சுட்டு. வெள்ளியும் வியாழனும் ஒன்டுதான், ஒன்டு பத்துக்கு நாப்பது பேர் நடப்பான், பன்னெண்டு செக்கன் காணும் என்டு… நாப்பது பேர் இல்ல. முந்நூறு, நாநூறு. நான் எண்ணினா எனக்கும் தெரிஞ்சிரிக்கும்… அதுல வயசானவங்க இரிக்காங்க, சுகர்காரங்க இரிக்காங்க, புள்ளையளக் கையில புடிச்சவங்க இரிக்காங்க… போன மூணு வெள்ளியும் நானும் அந்தக் கூட்டத்துக்குள்ள நின்டுதான் கடந்தேன். ஹோர்ன் அடிச்சானுவள், நாங்களும் ஏசினோம். எனக்கு வெளங்கல்ல, இது என்ட கைவேல என்டு. நஸீர் நானா விழுந்த பொறகுதான் வெளங்கிச்சு.

"…மிஸ்… இரிக்கீங்களா?… ஹலோ… ஆ, இரிக்கீங்க… ஓம்… தெரியும்… ஒங்கட நாலு வருஷம், தெரியும்… பட்டமும் இதுலதான், ஓம்… ஒங்கட வாப்பாக்கு என்ன சொல்ற என்டு நீங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ற?… ஏசுங்க. ஏசுங்க மிஸ், நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கேன்… ஓம்… ஓம்… ஓம்."

ஏச்சு நீண்டுகொண்டு போனது. ரிப்கான் கால்களை நீட்டி, செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். ஒன்றும் குறையவில்லை. ஒலிபெருக்கியில் துஆ ஆரம்பித்திருந்தது, ஆமீன் ஆமீன் என்ற சத்தம் வீதி வரை வந்தது.

"மிஸ், எல்லாத்தையும் பொறகு ஏசுங்க. வாய் வலிக்கிற வரைக்கும் ஏசுங்க. இப்ப ஒரு வேல செய்யுங்க… அங்கேருந்தே லைட்ட மாத்தலாம்தானே. அன்டைக்கு மழைக்குள்ள நீங்கதானே லெப்டொப்புல மாத்தினீங்க… வாகனத்துக்கு ரெண்டு பக்கமும் செவப்பப் போடுங்க. ஒரு பத்து நிமிஷம். சனம் போனதும் பழையபடி விட்டுருங்க… ஏன் ஏலா?… பதிஞ்சிருமா?… பரிசோதன முறிஞ்சிரும்… கூட்டத்துல காட்ட ஏலாமப் போயிரும்… ஓம், வெளங்குது.

"…பொலிஸா? முந்தி ஒருத்தர் வெள்ளிக்கெழம வந்து நிப்பாரு. விசிலடிச்சு மறிப்பாரு, எங்கட ஆக்களும் மதிப்பாங்க. லைட் வந்தபொறகு ஆள எடுத்துட்டாங்க… காலையில போய்க் கேட்டேன். படிச்ச லைட்ட வெச்சிரிக்கிங்கதானே, எங்கள என்னத்துக்கு என்டு கேக்குறாங்க… நான் மறிச்சா நிப்பாங்களா மிஸ்? என்ட மூஞ்சியப் பாத்து ஒரு சைக்கிள்காரனும் நிக்க மாட்டான்.

"…தொழுகைக்கு இகாமத் சொல்றாங்க, கேக்குதா?… இனி ரெண்டு ரக்அத்துதான். சின்ன சூறா ஓதினா அஞ்சு நிமிஷம், பெரிய சூறா ஓதினா ஏழு."

ஒலிபெருக்கி நின்றது. இரண்டு வாகனங்களுக்கு இடையில் சந்தி முழுக்க அமைதியாக இருந்தது, காற்றாடி மரக் கிளைகள் உரசுவது கூடக் கேட்டது. ஸும்றாவின் குரல் இப்போது தணிந்திருந்தது. தணிந்த குரலுக்குத்தான் ரிப்கான் அதிகம் பயந்தார்.

"…சொல்லுங்க… ம்… ம்… இல்ல, ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஒங்களுக்குத்தான் மொத… கமீலாவுக்கும் தெரியா… அப்ப?… நான் இப்ப கையெழுத்து வெச்சு அனுப்புறது. கூட்டம் முடிஞ்சதும் நீங்க செக்கனக் கூட்டி விடுறது… ஒருத்தருக்கும் தெரியாம… எனக்கும் வேல போவாது, ஒங்களுக்கும் பட்டம் போவாது… ஓம், நல்ல ஏற்பாடுதான்… கூட்டம் எத்தன மணிக்கு முடியும்?… நாலரைக்கு…

"மிஸ், சனம் ஒன்டு பத்துக்கு வருது.

"…அப்பிடிச் சொல்லாதீங்க. போன கிழம ஒருத்தர்தான் விழுந்தாரு என்டா, இந்தக் கிழம யாரும் விழ மாட்டாங்க என்டா அர்த்தம்?… நஸீர் நானாட பேர்ல பிழையப் போட்டு நான் கையெழுத்து வெக்க ஏலா. நேத்து அவர்ட கையால தோடம்பழச் சுள வாங்கித் திண்டுட்டு வந்தவன் நான்… எனக்கும் வேல வேணும் மிஸ். மன்னார்லேருந்து வந்த நாளையிலிருந்து மீன் வாடி வாடியாக் கூலிக்குத்தான் போனேன், எறாலுக்குப் போனேன், உப்பு அள்ளினேன். பேர் போட்டுக் கடிதம் தந்து கெடச்ச வேல இது ஒன்டுதான். கமீலா அந்தக் கடிதத்த அலுமாரிக்குள்ள, நிக்காஹ் சேர்டிபிகேட்டோட வெச்சிரிக்கா… ஆசயில்லாமலா சொல்றேன்? போவட்டும். இனி என்ன செய்ற.

"…சலாம் குடுத்துட்டாங்க. மிஸ், முடிஞ்சிட்டு. வருவாங்க இப்ப."

எப்போதும் போல முதலில் வந்தவர்கள் இளந்தாரிகள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடி வந்து, லைட்டைப் பார்க்காமலே நாலைந்து பேர் பாய்ந்து போனார்கள். நாய் எழுந்து ஓரமாய்ப் போனது. அதற்குப் பிறகு வாசல் முழுக்கத் தொப்பி. வெள்ளை ஜுப்பாக்கள், சாரங்கள், வாப்பாமாரின் விரலைப் பிடித்த பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய இரண்டு ஹாஜியார்கள். வீதியின் இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் கடைகளும் கனமூலைக்குத் திரும்பும் ரோட்டும். எல்லாரும் அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள், எல்லாருக்கும் பசி. ரிப்கான் எண்ணும் பொத்தானை வலது கையில் எடுத்தார். பச்சை மனிதன் எரிந்தான்.

"…பச்ச விழுந்துட்டு. எறங்குறாங்க… எண்ணுறேன், பேசாதீங்க மிஸ், எண்ணுறேன்… இருபது… முப்பத்தொன்டு… நாப்பது… ஒங்கட மிஷின்ட கணக்கு முடிஞ்சிட்டு மிஸ், நாப்பது. இன்னும் வந்துக்கிட்டே இரிக்காங்க… அம்பத்தஞ்சு… எழுவது… செவப்பு. செவப்பு விழுந்துட்டு. நடுவுல நிக்கிறாங்க. ஹாஜியார் ரெண்டு பேரும் நடுவுல நிக்கிறாங்க… கொழும்புப் பக்கத்தால பஸ் ஒன்டு வருது, பின்னுக்கு லொறி… அவங்களுக்குப் பச்ச தானே, ஏன் நிக்கிற?… மிஸ், நான் எறங்குறேன். ரோட்டுக்கு எறங்கிட்டேன்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ரிப்கான் வெள்ளைக் கோட்டில் நின்றார், எண்ணிக்கை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. பஸ் வேகம் குறைந்து, குறைந்து, அவருடைய முழங்காலுக்கு நாலடி முன்னால் குலுங்கி நின்றது. சாரதி ஜன்னலால் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏசினான். பின்னால் வந்த லொறி பஸ்ஸை வெட்டிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது.

"மாத்தயா, பொட்டக் இன்ட, மினிஸ்சு யனவா, கொஞ்சம் நில்லுங்க, சனம் போவுது… லொறிய நிப்பாட்டு. நிப்பாட்டுடா, கெழவன் நிக்கிறது தெரியல்லையா… ஒங்களுக்கு இல்ல மிஸ்… ஆ?… என்ன பேர்?… என்ட பேரா?… லைட்ட மாத்துறதுக்கு மிஷின் காரணம் கேக்குதா, பொறுப்பான ஆளையும் கேக்குதா… போடுங்க, போடுங்க. களப் பணியாளர் பிழையான எண்ணிக்கை எழுதினார் என்டு போடுங்க… முழுப் பேரா? அப்துல் ஹமீட் முஹம்மது ரிப்கான்… ஹமீட்… ஓம், ஹமீட்… ஐடி நம்பரும் வேணுமா, இப்பயா?… ஹாஜியார், நீங்க நடங்க, அவசரமில்ல, நான் நிக்கிறேன்… எண்பத்திரெண்டு… முந்நூத்திப் பதினாறு… ஓம், பதினாறு… சுருக்கா மிஸ், இந்த லொறிக்காரன் கேக்க மாட்டான்… நாலு… பூச்சியம்… ஏழு… ஒம்பது, வி… அமத்துங்க. அமத்துங்க."

லைட் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. கொழும்புப் பக்கமும் சிவப்பு, புத்தளம் பக்கமும் சிவப்பு. லொறி மூக்கை வெளியே நீட்டியபடியே நின்றுவிட்டது. பஸ் சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்தான். கரையில் தேங்கியிருந்த சனம் முழுவதும் அவசரமில்லாமல், கதைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சலாம் சொல்லிக்கொண்டு வீதியில் இறங்கியது. ரிப்கான் நடுவில் நின்றபடியே பெருவிரலால் பொத்தானை அமத்தி அமத்தி எண்ணினார். அவருக்குக் கண் கலங்கியது. நடந்து போனவர்களில் ஒருவர், ஜும்ஆவுக்கு வராமல் நடு ரோட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"…விழுந்துட்டு மிஸ். ரெண்டு பக்கமும் செவப்பு… எல்லாம் நிக்கிது, ஓம், லொறியும் நிக்கிது… ஜஸாக்கல்லாஹ் மிஸ்… ஒருத்தருக்கும் ஒன்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்… ஓம்… போயிட்டே இரிக்காங்க… நானும் கரைக்கு வந்துட்டேன், இரிக்கேன்… எத்தன பேரா? பொறுங்க… முந்நூத்தி அறுவத்தாறு… ஓம். ஒரு கட்டத்துக்கு முந்நூத்தி அறுவத்தாறு… எழுதிட்டேன்.

"…நான் எப்பிடி இரிக்கிற? தண்ணி ஒன்டு குடிக்கோணும். வேற ஒன்டுமில்ல… இல்ல, அழல்ல… நீங்க அழாதீங்க மிஸ்… ஆ?… என்ன சொன்னீங்க?… இல்ல, கேட்டிச்சு, வெளங்கல்ல… நான் மட்டும் பாவம் செஞ்சேன் என்டு நெனைக்க வேணாமா?… ஏன்?… நீங்களும் கண்டீங்களா?… எப்ப?… ரெண்டாம் கிழமையிலேயா… வெள்ளித் தாளையும் வியாழன் தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு… ஓம்… கற்பிட்டிப் புள்ளதானே நீங்க. வெள்ளிக்கெழம ஒரு மணிக்கு எங்கட சந்தி எப்பிடி இரிக்கும் என்டு ஒங்களுக்குத் தெரியாமலா… ஓம்… கிராப்புல கோடு வடிவா வந்திச்சு என்டு விட்டுட்டீங்க… ம்."

ரிப்கானுக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. ஒரு கிழமையாகச் சோறு இறங்காமல் அவர் சுமந்ததில் பாதி, குளிர்ந்த அறையொன்றில் மேசை மேல் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது. அவள் பொல்லாத பிள்ளை இல்லை. நல்லவள்தான். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு அனுப்பியவள். ஆனாலும் ஐடி நம்பரை ஒவ்வொரு இலக்கமாய்க் கேட்டு எழுதும்போது அவளுக்கு இது தெரிந்துதான் இருந்தது. அவர் சீமெந்து வாங்கில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். உடம்பு முழுக்கக் களைப்பாக இருந்தது.

"…இல்ல மிஸ், கோவம் இல்ல. சத்தியமா இல்ல… களைப்பா இரிக்கி, அவ்வளவுதான்… ஒன்டு கேக்கட்டுமா?… இப்ப அந்தக் காரணம் எழுதின எடத்துல என்ட பேர் மட்டுமா இரிக்கி?… ஓம்… அதுக்குக் கீழ இன்னொரு பேர் போட எடம் இரிக்கா?… பாருங்களேன்… இரிக்கிதானே… அப்ப ஒங்கட பேரையும் போடுங்க மிஸ்… ஓம், நான்தான் சொல்றேன். நான் எழுதினேன், நீங்க கண்டீங்க. ரெண்டு பேரும்தான்… கூட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இரிக்கி. பேர் போட ஒரு நிமிஷம்… மிஸ்?… போட்டுட்டீங்களா?… ஹலோ… மிஸ்… ஹலோ…"

ரிப்கான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அழைப்பு வெட்டுப்பட்டிருந்தது. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. சிக்னல் நாலு கோடும் நிறைய இருந்தது.